தாகம் கண்ட சோளம்

"தண்ணியில்லாத காலத்துல செடி எதுக்கு மேடம் விஷம் சேர்க்குது?" என்று பாவாயி கேட்டாள்.

யசோதரை அருகில் நின்ற சோளத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளி நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

பாவாயி முகர்ந்தாள். பச்சை வாசம். வேறொன்றும் இல்லை.

"கசக்கிட்டுப் பாருங்க."

கசக்கினாள். கசப்பாக ஏதோ மூக்கில் ஏறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முழு இலையில விஷம் கிடையாது" என்றாள் யசோதரை. "ஒரு பாதி ஒரு அறையில இருக்கு. இன்னொரு பாதி வேற அறையில. நடுவுல இருக்குற சுவரைக் கடிக்கிற பல்லுதான் இடிக்குது."

"எப்படின்னு நான் கேக்கலீங்க. எதுக்குன்னு கேட்டேன்."

"அது தெரிஞ்சா நாம ரெண்டு பேரும் இந்த வெயில்ல நிக்க மாட்டோம், அக்கா."

குருவைவிடச் சிஷ்யை மூத்தவள். அதனால்தான் அந்த அக்கா. பாவாயி உள்ளூர்ப் பள்ளியில் நெடுங்காலம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். மகன் கல்லூரிக்குப் போனதும் வேலையை விட்டுவிட்டு, செங்காட்டுவலசுக்கு வெளியே இருக்கும் தாவர ஆய்வுத் தோட்டத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். வயது நாற்பத்தைந்துக்கு மேல். ஊரில் சிரித்தார்கள். அவளுடைய அண்ணன் குழந்தைவேலு சிரிக்கவில்லை; பேச்சையே நிறுத்திவிட்டான்.

யசோதரை வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டாள். எறும்பு வரிசையைத் தாண்டித்தான் நடப்பாள். அதிகம் பேசமாட்டாள். தோட்டத்தை ஊர்க்காரர்கள் 'கம்பெனி' என்பார்கள். அவளைக் 'கம்பெனியம்மா' என்பார்கள்.

பாவாயியின் ஆராய்ச்சி சோளத்தைப் பற்றியது. தாகத்தில் வாடிய சோளத்தின் விதையை எடுத்து விதைத்து, அதையும் வாடவிட்டு, அதன் விதையையும் எடுத்து விதைப்பாள். பக்கத்திலேயே தாகமே அறியாத சோளத்தின் பரம்பரை. தாய் பட்ட தாகம் மகளுக்குத் தெரியுமா, மகள் பட்டது பேத்திக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. இப்போது நிற்பது பேத்திகள்; இம்முறை இரண்டு பரம்பரையையும் வாடவிட்டிருந்தாள். கதிர் பிடித்து விதை முற்றினால் பதில் கிடைத்துவிடும். அதற்கு முன் பயிருக்கு ஏதாவது ஆனால், பெட்டியில் இருக்கும் பழைய விதையிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.

அந்த வருஷம் கோடை மழை பொய்த்தது. ஆடி வந்தது, காற்று மட்டும் அடித்தது. ஊரைச் சுற்றியுள்ள மேய்ச்சல் காடுகளில் கொழுக்கட்டைப் புல் வேரோடு கருகிற்று. கிளுவை வேலிகள் குச்சியாக நின்றன. மாடுகளுக்கு வேலமரத்தின் இலைக் குழையை வெட்டிப் போட்டார்கள். குழையும் தீர்ந்துகொண்டு வந்தது.

கம்பெனியின் கம்பி வேலிக்குள் சோளம் மட்டும் பச்சையாக நின்றது. செழித்து அல்ல. இலை சுருண்டு, நெஞ்சு உயரத்தோடு வளர்ச்சி நின்று போய். ஆனாலும் பச்சை.

சாலையில் போகிறவர்கள் வேலிக்குப் பக்கத்தில் மாட்டை நிறுத்திக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார்கள். மாடும் பார்க்கும்.

ஒரு நாள் மதியத்தில் மழை வந்தது. ஒரே மழை. மண் குடித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. மேய்ச்சல் காட்டில் ஒரு புல்லும் எழும்பவில்லை. கம்பெனிச் சோளம் மட்டும் ஒரு வாரத்துக்குள் நிறம் மாறியது. சுருண்ட இலைகள் விரிந்தன.

இலை விரிந்ததைப் பார்த்த மறுநாள் காலையில் ஊர் வந்து கேட்டின் முன்னால் நின்றது. மாடுகளோடு.

முன்னால் குழந்தைவேலு. கையில் ஒரு கிடாரிக் கன்றின் கயிறு.

பாவாயி கேட்டுக்கு உட்பக்கம் நின்றாள். அண்ணன் முகத்தை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்து நெடுநாளாயிற்று. தாடி நரைத்திருந்தது.

"கேட்டைத் தொற, அம்மிணி."

"மாட்டை உள்ள விட முடியாதுங்கண்ணா."

"பேசவே மாட்டேன்னு இருந்தேன். மாட்டுக்காகப் பேசறேன். தொற."

"அந்தச் சோளம் ஆகாதுங்கண்ணா. வாடி நின்ன பயிரு. தின்னா மாடு நிக்காது."

"உன்ற ஆராய்ச்சி அழிஞ்சு போயிரும், அதச் சொல்லு."

பாவாயிக்கு முகம் சிவந்தது. அதுவும் உண்மைதான். அதனாலேயே அவளால் உடனே மறுக்க முடியவில்லை.

யசோதரை வந்தாள். கையில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியும் மஞ்சள் நிறத்தில் ஒரு தாள் துண்டும். யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒரு சோள இலையைக் கிள்ளிக் கசக்கிக் குப்பிக்குள் போட்டாள். தாளை உள்ளே தொங்கவிட்டு மூடினாள். குப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துச் சூடு காட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?" என்றான் குழந்தைவேலு.

"கொஞ்சம் பொறுங்க."

வெயில் ஏறியது. மாடுகள் கம்பிக்கு ஊடாக மூக்கை நீட்டின. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். யாரோ கம்பியை உலுக்கினார்கள். யசோதரை கையைப் பிரித்துக் குப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

மஞ்சள் தாள் செங்கல் நிறமாகியிருந்தது.

"விஷம் இருந்தா இப்படி மாறும்" என்றாள்.

குழந்தைவேலு பார்த்தான். அவசரப்படவில்லை. நன்றாகவே பார்த்தான்.

"குப்பி உங்குளுது. காயிதமும் உங்குளுது" என்றான். "கலரு மாறுச்சுன்னு நீங்க சொல்றீங்க. எதனால மாறுச்சுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"நியாயந்தான்."

அவள் ஒத்துக்கொண்டது அவனுக்குப் பிடிக்கவில்லை. குரல் உயர்ந்தது. "இளஞ்சோளம் மாட்டுக்கு ஆகாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? முழங்கால் உசரத்துல நிக்கறப்ப எந்த மடையனும் மாட்டை விடமாட்டான். இது நெஞ்சு உசரம். மழையும் பேஞ்சாச்சு. இனி என்ன விஷம்?"

"இங்க வந்து பாருங்க."

கேட்டைக் கொஞ்சமாகத் திறந்து அவனை மட்டும் உள்ளே விட்டாள். அவன் கன்றையும் இழுத்துக்கொண்டே வந்தான். யசோதரை வரப்பில் குந்தி, ஒரு சோளத்தின் தூரை விலக்கிக் காட்டினாள். பழைய தண்டைச் சுற்றி, மழைக்குப் பிறகு வெடித்த குருத்துகள் இளம்பச்சையாகக் கூட்டமாக நின்றன.

"நெஞ்சு உயரச் சோளத்துக்கு அடியில முழங்கால் உயரச் சோளம் நிக்குது. மழைக்கு அப்புறம் வந்தது. வாடினப்ப இருந்ததைவிட இதுலதான் விஷம் அதிகம். மாடு உள்ள வந்தா எதை முதல்ல கடிக்கும்?"

குழந்தைவேலு குனிந்து பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று பாவாயி நினைத்தாள். நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

"என்ன மாமா, கம்பெனியம்மா மந்திரம் போட்டுருச்சா?" என்று கேட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. சிலர் சிரித்தார்கள்.

குழந்தைவேலு நிமிர்ந்தான். முகம் மாறியிருந்தது.

"பேச்செல்லாம் எதுக்குங்க? பாத்தரலாம்" என்றான். குனிந்து அந்தக் குருத்துகளைக் கை நிறையப் பறித்தான். கன்றை இழுத்தான். "என்ற வீட்டுக் கன்னு. மொதல்ல இது திங்கட்டும்."

கன்றுக்கு விலா எலும்புகள் தெரிந்தன. கண்ணுக்குக் கீழே கறுப்புக் கோடு. குருத்தைப் பார்த்ததும் அது தானாகவே முன்னால் வந்தது.

பாவாயி ஓடிவந்து யசோதரையின் பக்கத்தில் நின்றாள். குரலைத் தாழ்த்தினாள்.

"விட்டுருங்க மேடம்."

யசோதரை திரும்பிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு கன்னு. இது விழுந்தா எல்லாரும் கண்ணால பாப்பாங்க. மத்த மாடெல்லாம் பொழைச்சுக்கும். நாம சொன்னது பொய்யில்லைன்னும் தெரிஞ்சிரும். அவரே குடுக்கறாரு, நாம குடுக்கல."

கன்று நாக்கை நீட்டிக் குருத்தை வளைத்து வாய்க்குள் இழுத்தது.

யசோதரை இரண்டே எட்டில் அதனிடம் போனாள். ஒரு கையால் தாடையைப் பிடித்து, மறு கையை வாய்க்குள் விட்டாள். கன்று திமிறியது. கடித்தது. அவள் கையை எடுக்கவில்லை. நாக்குக்கு அடியிலிருந்தும் கடைவாயிலிருந்தும் துழாவித் துழாவி எடுத்துப் போட்டாள். எச்சிலும் பச்சையும் ரத்தமுமாகக் கை வெளியே வந்தது.

ரத்தம் கன்றினுடையது அல்ல.

குழந்தைவேலு கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். கொஞ்ச நேரம் எல்லோரும் கன்றையே பார்த்தார்கள். அது தலையை உதறிக்கொண்டு கத்தியது. நின்றது. ஒன்றும் ஆகவில்லை.

"இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்றான் அவன். "இனி நீங்க சொன்னது மெய்யா பொய்யான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாமலே போகட்டும்."

"அப்ப நாங்க எதை நம்பறது?"

யசோதரை கையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள்.

கேட்டுக்கு வெளியே முன்வரிசையில் வேலாத்தா நின்றிருந்தாள். ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைக்கிறவள். அதுவரை வாயைத் திறக்காதவள். இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"விஷம்னே வெச்சுக்கலாஞ் சாமி. பட்டினியும் விஷந்தானுங்களே?"

கம்பியை உலுக்கியவர்கள் கையை எடுத்தார்கள்.

யசோதரை வேலாத்தாவைப் பார்த்தாள். அவளுடைய மாட்டைப் பார்த்தாள். பிறகு பாவாயியைத் தனியே அழைத்துக்கொண்டு போய் மோட்டார் அறை நிழலில் நின்றாள்.

"ஒரு வழி இருக்கு அக்கா."

"தெரியுங்க" என்றாள் பாவாயி. தெரிந்துதான் அவள் அதுவரை அதைச் சொல்லாமல் இருந்தாள். "அறுத்து வெயில்ல காயப்போட்டா விஷம் போயிரும்."

"ஆமா."

"இன்னும் கொஞ்ச நாள்ல விதை முத்திரும் மேடம்."

"ஆமா."

"பாதிச் சோளக்காட்டை அறுக்கலாம். எந்த மாடும் தொடாத பாதி எனக்குப் போதும்."

"பாதி ஊருக்குத்தான் அது காணும். மீதிப் பாதிக்குள்ள மத்தவங்க மாட்டோட வருவாங்க. நாளைக்கு இல்லைன்னா மறுநாள். அப்ப நாம ரெண்டு பேரும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதுமா?"

பாவாயி தரையைப் பார்த்தாள். "மூணு தலைமுறைங்க. திருப்பித் தொடங்கினா நான் முடிக்கறப்ப எனக்கு என்ன வயசாகும்?"

யசோதரை ஆறுதல் சொல்லவில்லை.

"பயிர் உங்களுது. நான் அறுக்கச் சொல்ல மாட்டேன். அறுக்க வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். கேட்டுக்கிட்ட நான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பாவாயி நிழலிலேயே நின்றாள். கேட்டை உலுக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் குரல் கேட்டது. மாடுகள் கத்தின. தனக்கு இவர்கள் மீது கோபமா, மேடம் மீது கோபமா என்று அவளுக்கே விளங்கவில்லை. எனக்கு உத்தரவாவது போட்டிருக்கலாம் என்று நினைத்தாள். உத்தரவு என்றால் திட்டிக்கொண்டாவது செய்யலாம்.

கொஞ்ச நேரம் கழித்து மோட்டார் அறைக்குள் போனாள். கதிர் அறுக்கும் அரிவாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கேட்டைப் பார்க்காமல் நேரே சோளத்துக்குள் இறங்கினாள். அடையாள அட்டை கட்டிய முதல் வரிசையில், முதல் செடியின் தூரைப் பிடித்தாள். அறுத்தாள்.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

பாவாயி நிமிர்ந்து அண்ணனிடம் வந்து ஒரு அரிவாளை நீட்டினாள்.

"எல்லாத்தையும் அறுங்க. மாடு வெளியவே நிக்கட்டும். அறுத்துக் காய வெச்சு, நாங்க சொல்ற அன்னிக்கு எடுத்துட்டுப் போங்க. ஒரு சோளத்தட்டுகூட எங்களுக்கு வேண்டாம்."

"காயற வரைக்கும்?"

"காயற வரைக்கும் பொறுக்கணும்."

குழந்தைவேலு அரிவாளை வாங்கவில்லை. வேலாத்தா வந்து வாங்கினாள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். பொழுது இறங்குவதற்குள் காடு மொட்டையாயிற்று. இலையும் தண்டுமாக அறுத்த சோளத்தட்டுகளைப் பரப்பி முடித்த இடத்திலெல்லாம் டிராக்டரை விட்டு, அடிக்கட்டையைக் குருத்தோடு சேர்த்து உழச் சொன்னாள் யசோதரை. அறுத்த தூரிலிருந்து மறுபடி துளிர்ப்பதுதான் மற்றெல்லாவற்றையும்விட மோசம் என்றாள். உழவு ஓடுவதைப் பாவாயி பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு தட்டு பரப்பினாள்.

மறுநாள் மேகம் கட்டியது.

மழை வேண்டும் என்று ஊரே ஏங்கிய வானம். பாவாயி அண்ணாந்து பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். நனைந்தால் தட்டு காயாது, அழுகும். மழை வரவில்லை. வெயிலும் வரவில்லை. அவளும் யசோதரையும் ஆளுக்கொரு கவைக்கோலை வைத்துக்கொண்டு தட்டைப் புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். யசோதரைக்குக் கட்டுப் போட்ட கை. ஒரு கையாலேயே புரட்டினாள்.

வெளியே மாடுகள் காத்திருந்தன. மக்களும்தான். அறுத்த சோளம் கண்ணெதிரே கிடக்கிறது, எடுக்கக் கூடாது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? "இதெல்லாம் வேணும்னே பண்றது" என்று ஒருவர் சொன்னார். "நம்மளை வெச்சே அறுத்துட்டு லாரியில ஏத்திருவாங்க, பாரு" என்றார் இன்னொருவர். கேட்டுக்குப் பூட்டுப் போட வேண்டாம் என்று யசோதரை சொல்லியிருந்தாள். பாவாயி அதை எதிர்த்தாள். யசோதரை கேட்கவில்லை.

அடுத்த நாள் மதியம் வேலாத்தா உள்ளே வந்தாள். ஒன்றும் பேசாமல் ஒரு கட்டுத் தட்டை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

பாவாயி ஓடிப்போய் மறித்தாள். "இன்னும் காயலீங்கக்கா. தண்டு பச்சையா இருக்கு பாருங்க."

"தள்ளு."

"ரெண்டு நாள் பொறுங்கக்கா."

"என்ற மாடு படுத்துருச்சு. எந்திரிக்க மாட்டேங்குது. தள்ளுடி."

பாவாயி தலையிலிருந்த கட்டைப் பிடித்து இழுத்தாள். கட்டு அவிழ்ந்து சரிந்தது. வேலாத்தா கையை ஓங்கினாள். அறை பாவாயியின் காதோடு விழுந்தது.

பாவாயி கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. குனிந்து சிதறிய தட்டைப் பொறுக்கினாள். ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பழைய இடத்திலேயே பரப்பினாள். வேலாத்தா நின்று பார்த்துவிட்டு, அழுதுகொண்டே போனாள்.

யசோதரை தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். வரவில்லை.

"ஏன் வரலை மேடம்?" என்று பாவாயி பிறகு கேட்டாள். குரலில் கோபம் இருந்தது.

"நான் வந்திருந்தா அவங்க ரெண்டு பேரை எதிர்க்க வேண்டியிருந்திருக்கும்."

பாவாயி கவைக்கோலைச் சாத்தினாள். சமையலறைக்குப் போய்ச் சோறு வடித்த கஞ்சியையும் ஒரு கை வெல்லத்தையும் குடத்தில் எடுத்துக்கொண்டு வேலாத்தாவின் வீட்டுக்கு நடந்தாள். மாடு தொழுவத்தில் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் அதற்குக் கஞ்சியைப் புகட்டினார்கள். பக்கத்து வீட்டு ஆண்களைக் கூப்பிட்டு, வயிற்றுக்கு அடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். கால் மடங்கிற்று. மறுபடி தூக்கினார்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். அது நின்றது.

"நாளைக்காச்சும் தருவியா?" என்றாள் வேலாத்தா.

"வெயிலடிச்சா தருவனுங்க."

மறுநாள் வெயிலடித்தது. சுள்ளென்று, ஆடிக் காற்றோடு. தட்டு சலசலக்கத் தொடங்கியது. யசோதரை ஒரு தண்டை எடுத்து ஒடித்தாள். படக்கென்ற சத்தம் கேட்டது. இருந்தும் அன்றைக்குத் தரவில்லை. இன்னொரு நாள் வெயில் காட்டினாள். ஊர் கேட்டில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசியது. அவளுடைய சாதியையும் ஏசியது, பாவாயியின் புருஷனையும் ஏசியது.

அதற்கும் மறுநாள் காலையில் காட்டின் வெவ்வேறு இடங்களிலிருந்து தட்டு எடுத்து, நசுக்கி நனைத்துக் குப்பிகளில் போட்டாள். மஞ்சள் தாள்களைத் தொங்கவிட்டாள். பாவாயியும் அவளும் அருகருகே உட்கார்ந்து பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள்.

தாள்கள் மஞ்சளாகவே இருந்தன.

"கேட்டைத் தொறங்க அக்கா."

வண்டிகள் வந்தன. தட்டு போயிற்று. வீட்டுக்கு இவ்வளவு என்று பாவாயிதான் பிரித்துக் கொடுத்தாள். அண்ணன் வீட்டுப் பங்கை எடுக்க அண்ணன் வரவில்லை, அண்ணி வந்தாள். வேலாத்தாவுக்கு ஒரு கட்டு கூடுதலாகப் போனது. யாரும் அதைக் கேட்கவில்லை. பொழுது இறங்கும்போது தோட்டத்தில் உழுத மண்ணும் கம்பி வேலியும் மட்டும் இருந்தன.

தட்டு தீர்ந்துகொண்டிருந்த சமயத்தில் ஆவணி மழை நின்று பெய்தது. கொழுக்கட்டைப் புல் எழுந்தது. மாடுகள் மேய்ச்சலுக்குப் போயின. வேலாத்தாவின் மாடும் போனது.

ஒரு காலையில் பாவாயி பால் சொசைட்டி வழியாகத் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்தாள். குழந்தைவேலு கேனை வைத்துக்கொண்டு பத்துப் பேருக்கு நடுவில் நின்றிருந்தான். கன்று தேறிவிட்ட சந்தோஷமோ, மழை பெய்த சந்தோஷமோ, குரல் கணீரென்று இருந்தது. தங்கையைப் பார்த்ததும் அவளுக்கும் கேட்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

பாவாயி நிற்கவில்லை. தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கிற்று.

யசோதரை வரப்பில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து எடுத்த பழைய விதைகளைக் குழித்தட்டுகளில் ஊன்றிக்கொண்டிருந்தாள். கையில் கன்றின் பல் பட்ட இடம் கறுத்து ஆறியிருந்தது.

"என்னாச்சு?"

"இனிமே அந்த ஊருக்கு ஒண்ணும் பண்ணாதீங்க மேடம்."

"யாரு என்ன சொன்னாங்க?"

"எங்கண்ணன்தான். எல்லார் முன்னாடியும். விஷம் விஷம்னு ஊரையே மிரட்டினாங்களாம். பச்சைச் சோளத்தைக் கண்ணுல காட்டிக் காய வெச்சாங்களாம். கூட்டமா வந்து நின்னதுக்கு அப்புறந்தான் பயந்து குடுத்தாங்களாம். எல்லாருஞ் சிரிச்சாங்க." அவள் வரப்பில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு அந்தக் கன்னை விட்டிருக்கணும். என்ற மூணு தலைமுறையும் போச்சு. நாம சொன்னது மெய்யின்னு ஒரு ஜீவனுக்கும் தெரியாது. எப்பவும் தெரியாது."

யசோதரை ஒரு விதையை ஊன்றி மண்ணை மூடினாள்.

"வேற என்ன சொன்னார்?"

"அதுக்கு மேல என்ன சொல்லணும்?"

"முழுசாச் சொல்லுங்க."

"'அவ்வளவு விஷம்னாங்களே, ஊருல ஒரு மாடாச்சும் செத்துச்சா?'ன்னு கேட்டாருங்க."

"அதுக்கு மத்தவங்க?"

"மத்தவங்க என்ன சொல்லுவாங்க? 'ஒண்ணுகூடச் சாகலை'ன்னாங்க."

யசோதரையின் கை விதையோடு அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்து பாவாயியின் முகத்தைப் பார்த்தாள்.

"கடைசியில சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா. மெதுவா."

"ஒண்ணுகூட..." என்று பாவாயி சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டு, வேலிக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த மாடுகளைப் பார்த்தாள்.